அடக்க முடியாத அவசரத்துக்குக் கணுக்காலில் கரன்ட்

சிறுநீர்ப்பைக்கு வைத்தியம் கணுக்காலில் என்றால் யாருக்கும் சட்டென்று நம்பிக்கை வராது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்னோட்டம் நடத்துகிற எனக்கே வரவில்லை. ஆனால் சில வருடங்களாக அந்த வைத்தியத்தின் தயவில்தான் வேலைக்குப் போய் வருகிறேன், கல்யாணம் காட்சிகளில் தலை காட்டுகிறேன், ராத்திரி ஓரளவு தூங்குகிறேன். விஷயம் தெரிந்து விசாரிக்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருப்பதை ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்கிறார்கள். நீர்ப்பை பாதி நிறைவதற்குள்ளேயே சுருங்கத் தொடங்கி, இப்பவே போயாகணும் என்று நெருக்கும். சாதாரணமாக ஒரு பெண்ணின் நீர்ப்பை 400, 500 மில்லி வரை தாங்கும். எனக்கு நூறு மில்லி சேர்வதற்குள் ரகளை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் போச்சு. வீட்டு வாசலில் நின்று பூட்டில் சாவியை நுழைத்தால் போச்சு. சிரித்தால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சொட்டுவது வேறு கோளாறு. அது அடியில் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்வதால் வருவது. அதற்கு இந்த வைத்தியம் உதவாது. இரண்டும் சேர்ந்தே இருக்கிற பெண்களும் உண்டு. அதனால் டாக்டரிடம் போகும்போது ‘யூரின் லீக் ஆகுது’ என்று மட்டும் சொல்லாமல், எப்போது ஆகிறது, அதற்கு முன் அவசரம் வருகிறதா, வராமலே ஆகிறதா என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நான் கூடுவாஞ்சேரியிலிருந்து சைதாப்பேட்டைக்கு மின்சார ரயிலில் போய் வருகிறவள். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. நடுவில் இறங்கி, ஸ்டேஷனில் தேடி, அடுத்த ரயிலைப் பிடித்துப் போனால் காலை வணக்கக் கூட்டம் முடிந்திருக்கும். அதைவிடக் கொடுமை பொதுத் தேர்வு அறை. பத்து மணிக்கு வினாத்தாள், படிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், எழுத 3 மணி நேரம். ஒன்றேகால் மணிக்கு விடைத்தாள்களை வாங்கி எண்ணிக் கொடுக்கும் வரை கண்காணிப்பாளர் அறையை விட்டு நகரக் கூடாது. மாற்று ஆளைக் கூப்பிட்டால் வருவார், ஆனால் எதற்கு என்று வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுத்தான் வருவார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண்கள் நிறையப் பேர் இதற்காகவே காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் எதுவும் குறைவதில்லை. மஞ்சளாகக் கெட்டியான சிறுநீர் நீர்ப்பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கல் வந்தால் அதுவும் சேர்ந்து அழுத்தும்.

‘சுகப்பிரசவம் ரெண்டு ஆச்சுல்ல, இந்த வயசுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்பார் மாமியார். அவருக்கும் இதே தொந்தரவு உண்டு என்பது எனக்கு வைத்தியம் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்கு வராமல் ‘முழங்கால் வலி’ என்று சொல்லி வந்தாரே, அதில் பாதி இதுதான்.

கணுக்கால் நரம்புக்கு ஊசி வழியாகக் கரன்ட் கொடுப்பது எடுத்த எடுப்பில் தருகிற வைத்தியம் இல்லை. முதலில் வேறு நோய் எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும். யூரின் கல்ச்சர், சர்க்கரை, போய் வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேன், கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா என்று ஒரு சோதனை. நம் நாட்டில் சிறுநீர்ப் பாதையில் காசநோய் வந்தாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதால் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அதையும் பார்ப்பார். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, திடீரென்று கால் மரத்துப்போய் நடை தள்ளாடினாலோ, போக முடியாமல் கட்டிக்கொண்டாலோ இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது மூன்று நாள் குறிப்பு. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனோம், அவசரம் எவ்வளவு, நனைந்ததா. சமையலறையில் அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று சும்மா கிடந்தது. அதை பாத்ரூமுக்கு நிரந்தரமாக நேர்ந்துவிட்டேன். இந்தக் குறிப்பை நிறையப் பேர் அலட்சியமாக நினைக்கிறார்கள். எனக்கு இந்த வைத்தியம் முழுவதிலும் இதைவிட உபயோகமான பொருள் வேறில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டீ, காபியைக் குறைத்தேன். நீர்ப்பையை அடியில் தாங்குகிற தசைக்கான பயிற்சி கற்றுக்கொண்டேன். அவசரம் வரும்போது ஓடக் கூடாது என்று பிசியோ சொல்லித் தந்தது பெரிய விஷயம். ஓட ஓட நெருக்கடி கூடும். நின்ற இடத்தில் நின்று, முடிந்தால் உட்கார்ந்து, மலவாயைச் சுற்றியுள்ள தசையை நாலைந்து தடவை சடசடவென்று இறுக்கி விட வேண்டும். அந்த நெருக்கல் தானே தணியும். தணிந்த பிறகு நடந்து போகலாம். எல்லா நேரமும் பலிக்காது. பலிக்கும் நேரம் பெரிய நிம்மதி.

அப்புறம் மாத்திரை. முதலில் சோலிஃபெனசின். நீர்ப்பைக்கு நல்லது செய்தது, ஆனால் வாய் வறண்டுவிட்டது. நாளுக்கு ஐந்து பீரியட் பேசுகிறவளுக்கு வாய் வறட்சி என்றால் வேலையே நடக்காது. தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினால் மாத்திரை சாப்பிட்டு என்ன பயன்? கூடவே மலச்சிக்கல். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளைக் காலம் முழுக்கக் கொடுத்தால் ஞாபக சக்தியைப் பாதிக்கலாம் என்று டாக்டர்களே யோசிக்கிறார்கள். அடுத்து மிராபெக்ரான். அதில் வாய் காயவில்லை, ஆனால் எனக்கு ஏற்கனவே இருந்த ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. தசையைத் தளர்த்துகிற போடாக்ஸ் மருந்தை நீர்ப்பைக்குள் ஊசியாகப் போடலாம் என்று ஒரு வழி. சிலருக்கு அதன் பிறகு சிறுநீர் முழுதாக வெளியேறாமல், கொஞ்ச காலம் தாங்களே டியூப் விட்டு எடுக்க வேண்டி வரும். மருந்தின் பலம் குறையக் குறையத் திரும்பப் போட வேண்டும். அதற்கு மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் கணுக்கால் விஷயத்துக்கு வந்தோம்.

காலின் உள்பக்கத்தில் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஓடுகிற டிபியல் நரம்பு, முதுகுத்தண்டில் இடுப்புப் பகுதியின் நான்காவது நரம்பு வேரிலிருந்து அதற்குக் கீழே, முதுகுத்தண்டின் அடியில் முக்கோணமாக இருக்கும் திரிக எலும்பின் மூன்றாவது வேர் வரைக்கும் சேர்ந்து உருவாவது. நீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் கிளம்புவதும் திரிக எலும்பின் இரண்டு, மூன்று, நான்காவது வேர்களிலிருந்துதான். ஆக, காலில் கொடுக்கிற துடிப்பு மேலே ஏறி அதே இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே நீர்ப்பையின் பொய்யான அவசரச் செய்தியை அடக்கி வைக்கிறது. இவ்வளவுதான் நமக்குத் தெரிய வேண்டியது. எந்தச் சுற்று வழியாக அடங்குகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு நடக்கிறது. சீன அக்குபஞ்சரில் இந்த இடத்தை ஒட்டி ஒரு புள்ளி பழங்காலத்திலிருந்தே உண்டு. அமெரிக்காவில் எட்வர்ட் மெக்குவயர் 1983-இல் அதை அடியொற்றித் தோலின் மேல் மின்முனை வைத்துப் பார்த்தார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்ஷல் ஸ்டோலர் ஊசி வைக்கும் முறையை உருவாக்கினார். 2000-இல் அந்தக் கருவிக்கு, அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாரம் ஒரு தடவை, பன்னிரண்டு வாரம், ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம். இதுதான் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிற கணக்கு. சனிக்கிழமை மத்தியானம் போவேன்.

கட்டிலில் கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள வேண்டும். உள்பக்கக் கணுக்கால் எலும்பிலிருந்து மேலே மூன்று விரற்கடை அளந்து, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் பின்னால் தள்ளி பிசியோ ஒரு புள்ளி வைப்பாள். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, சின்ன குழாய்க்குள் இருக்கும் ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டு. கால் மில்லிமீட்டர் கூட இல்லாத கனம், சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். பிறகு ஊசியைச் சாய்வாகச் சுழற்றி மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே இறக்குவாள். அது வலிப்பதில்லை, ஏதோ அழுத்துவது போலத் தெரியும். குதிகாலின் உள்பக்கத்தில் ஒரு ஒட்டு. இரண்டு ஒயரையும் கையடக்கப் பெட்டி ஒன்றில் மாட்டுவாள்.

‘மேடம், கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறேன். எங்க தெரியுதுன்னு சொல்லுங்க.’

முதலில் ஊசி இருக்கும் இடத்தில் மட்டும் துடித்தது. ஒரு படி ஏற்றினாள். குதிகாலுக்கு இறங்கியது. இன்னொரு படி. உள்ளங்கால் முழுக்கக் குறுகுறுவென்று பரவி, கால் கட்டை விரல் தானாகக் கீழ்ப்பக்கம் மடங்கியது. நான் மடக்கவில்லை. நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. ‘வந்துடுச்சு மேடம்’ என்று ஒரு படி குறைத்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டை விரல்தான் இந்த வைத்தியத்தில் எல்லாம். விரல் மடங்க வேண்டும், இல்லை விரல்கள் விரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் உள்ளங்காலில் குறுகுறுப்பாவது வர வேண்டும். கணுக்காலில் மட்டும் சுள்ளென்று குத்தினால் ஊசி நரம்புப் பக்கம் இல்லை. ‘பரவாயில்ல, இருக்கட்டும்’ என்று பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். எடுத்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள். நம் பெண்கள் ஆஸ்பத்திரியில் வாய் திறக்கத் தயங்குவதால் அரை மணி நேரம் வீணாகும்.

கரன்ட் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு என் பாடத்திலிருந்து ஒரு கணக்கு. ஒரு நொடிக்கு 20 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோ நொடி. அப்படியென்றால் ஒரு நொடியில் உண்மையாகக் கரன்ட் பாய்வது 4 மில்லி நொடிதான். அரை மணி நேரத்தையும் கூட்டினால் 7.2 நொடி. அதுவும் 10 மில்லியாம்பியருக்குள். இதைப் பிசியோவிடம் சொன்னபோது, ‘அப்ப மீதி நேரமெல்லாம் சும்மாவா மேடம் படுத்திருக்கீங்க?’ என்று சிரித்தாள்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் வந்துகொண்டிருந்த ஒருவர் நான்காவது, ஐந்தாவது தடவையோடு நின்றுவிட்டார். ‘ஆட்டோவுக்குத்தான் காசு போகுது’ என்று புலம்பினார். பலருக்கு ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே அதற்கு முன் தீர்ப்பு சொல்ல முடியாது. குறிப்பு ஜாடியின் அருமை தெரிந்தது இங்கேதான். எனக்கு என்னவோ முன்பு போலவே இருப்பதாகத் தோன்றியது. டாக்டர் எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு, ‘ராத்திரி எத்தனை தடவைன்னு இருந்தது, இப்ப பாருங்க’ என்றார். ராத்திரியில் குறைந்திருந்தது. ஒரு தடவைக்குப் போகிற அளவு நூறு மில்லியிலிருந்து ஏறியிருந்தது. ஒரு மோசமான நாள் வந்தால் மனசு அதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ஒண்ணும் பிரயோஜனமில்லை’ என்று முடிவு கட்டும். தாளில் இருக்கும் எண் அப்படி மாறாது. பன்னிரண்டு வாரம் முடிந்தும் எண்ணில் வித்தியாசம் இல்லையென்றால், நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பதற்கும் அதே தாள்தான் ஆதாரம்.

இது வெறும் மனப்பிரமையா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன். அமெரிக்காவில் 220 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ ஊசியும் மற்றவர்களுக்குத் தோலுக்குள் போகாத போலி ஊசியும் வைத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நிஜ ஊசியில் 54.5 சதவீதம் பேர் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார்கள், போலியில் 20.9 சதவீதம். போலியிலேயே ஐந்தில் ஒருவருக்குக் குணம் தெரிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நிஜ ஊசியிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். நூற்றுக்கு நூறு கியாரண்டி என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் உண்மையான வைத்தியமே தொடங்குகிறது. இதை யாரும் முதல் நாளிலேயே உடைத்துச் சொல்வதில்லை. இது ஆன்டிபயாடிக் கோர்ஸ் மாதிரி முடித்துவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் இல்லை. நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலை திரும்பும். குணமான 50 பேரை 3 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களுக்கு முதலில் இரண்டு வாரம், அப்புறம் மூன்று வாரம், பிறகு நான்கு வாரம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போனார்கள். அதன் பிறகு அவரவர் உடம்புக்கு ஏற்ற இடைவெளி. கடைசி வரை இருந்தவர்களுக்குச் சராசரியாக மாதம் ஒரு தடவைக்குச் சற்று மேல்தான் தேவைப்பட்டது. 3 வருட முடிவில் 77 சதவீதம் பேருக்குக் குணம் அப்படியே நின்றதாகக் கணக்கிட்டார்கள். நாளுக்கு 12 தடவை போனவர்கள் 8.7-க்கு வந்திருந்தார்கள். கவனியுங்கள், மூன்று நான்காக ஆகிவிடவில்லை. அவசரத்தில் நனைவது 3.3-லிருந்து 0.3 ஆகியிருந்தது. எனக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். எட்டு தடவை போகலாம், தப்பில்லை. போய்ச் சேர்வதற்குள் ஆகாமல் இருந்தால் போதும். அந்த 50 பேரில் 3 வருடத்தையும் முடித்தவர்கள் 29 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் இடைவெளியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. மாதத்துக்கு ஒன்று என்றால் நான்காவது வாரத்தில் அவசரம் தலைதூக்குகிறது. மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் சமாளிக்கிறது. உங்களுக்கு ஐந்து வாரம் கூடத் தாங்கலாம். அறிகுறி முழுதாகத் திரும்பும் வரை காத்திருக்காமல், முதல் தலையெடுப்பு தெரிந்ததும் போய்விட வேண்டும் என்பதுதான் நான் கண்டது. மார்ச் மாதம் பொதுத் தேர்வு, ஏப்ரல் விடைத்தாள் திருத்தும் முகாம். இரண்டுக்கும் முன்னால் ஒரு தடவை வைத்துக்கொள்வது என் வழக்கம். பள்ளிக்கூட டைரியில் ‘கே.சி.’ என்று எழுதி வைப்பேன். கணுக்கால் சிகிச்சை. பக்கத்து டீச்சர் ஏதோ கமிட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஆஸ்பத்திரியில் அந்தக் கருவி பழுதாகி, எப்போது சரியாகும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அப்போதுதான் பிசியோ வீட்டிலேயே டென்ஸ் மெஷின் வைக்கக் கற்றுக் கொடுத்தாள். இடுப்பு வலிக்கு, தோள் வலிக்கு வைப்பார்களே, அதே மெஷின். மருந்துச் சாமான் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஊசி கிடையாது, இரண்டு ஒட்டுப் பட்டைகள்தான். ஒன்று உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், இன்னொன்று அதிலிருந்து ஒரு சாண் அளவுக்குக் குறைவாக, பத்து சென்டிமீட்டர் மேலே. நொடிக்குப் பத்துத் துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோ நொடி, அரை மணி நேரம். கட்டை விரல் அசைகிறதா, உள்ளங்காலில் குறுகுறுப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு, வலிக்காத அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். ஊசிக்கு இருக்கிற அளவு ஆதாரம் பட்டைக்கு இல்லை. பிரிட்டனில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2019 வழிகாட்டுதலில் பட்டை முறையைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஊசி முறையையும் மற்ற வழிகளைப் பார்த்த பிறகுதான் என்கிறது. நான் இதை ஊசிக்கு மாற்றாக அல்ல, இரண்டு ஊசிக்கு நடுவில் தாக்குப்பிடிக்க வைத்துக்கொள்கிறேன். கருவி சரியான பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று மாலை, சீரியல் பார்க்கிற நேரத்தில்.

நம் ஊர்க் கால்களுக்கென்று சில விஷயம் இருக்கிறது, எந்த விளக்கச் சீட்டிலும் இது இருக்காது. கொலுசைக் கழற்றிவிடுங்கள், மின்முனைக்குப் பக்கத்தில் உலோகம் தொங்கக் கூடாது. காலுக்கு மஞ்சள் பூசிய அன்று பட்டை ஒட்டாது. தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாலும் ஒட்டாது, பாதி கழன்று ஓரத்தில் மட்டும் சுள்ளென்று குத்தும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். பட்டையின் பசை போனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரிரு தடவைக்கு ஒட்டும், அப்புறம் புதிது வாங்கிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரிக்குச் சேலையில் போனால் கால் நீட்டிப் படுக்கும்போது மேலேறும், போர்வை கேட்க வேண்டியிருக்கும். சல்வாரின் கால் இறுக்கமாக இருந்தாலும் அவஸ்தை. நான் தளர்வான பேன்ட் உள்ள சுடிதாரில் போகிறேன்.

யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் பேஸ்மேக்கர் மாதிரியான கருவி வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் எளிதில் கசியும் கோளாறு உள்ளவர்கள் ஊசி வைக்கக் கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்; உணர்வே இல்லாத காலில் குறுகுறுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? என் மாமியார் விஷயத்தில் இதனால்தான் இந்த வழி எடுபடவில்லை. அவருக்கு மிராபெக்ரான் ஒத்துக்கொண்டது. போன தை மாதம் பேத்தி கல்யாணத்துக்கு திருநெல்வேலி வரை வந்தார். கீழ் பெர்த், கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, அவரே கேட்டு வாங்கியது.

எனக்கு வந்த பக்கவிளைவுகள் என்று சொன்னால் ஊசி குத்திய இடத்தில் எப்போதாவது ஒரு சின்ன நீலத் தடிப்பு, இரண்டு மூன்று தடவை ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். மாத்திரைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய லாபம். நஷ்டம் நேரம்தான். ஊசிக்கு அரை மணி நேரம் என்றாலும் போய் வரப் பாதி நாள் போய்விடும். வாரா வாரம் லீவு எடுக்க முடியாத வேலையில் இருப்பவர்கள், கூட ஆள் இல்லாமல் வெளியே போக முடியாதவர்கள், வீட்டில் அனுமதி கேட்டுப் போக வேண்டியவர்கள் பன்னிரண்டு வாரம் தாங்குவதே கஷ்டம். காப்பீட்டில் வருமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் தங்காமல் செய்துகொள்கிற சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் பணம் வராது, எனக்கும் வரவில்லை.

தலைமையாசிரியையிடம் விஷயத்தை நேராகச் சொன்னது நல்லதாகப் போயிற்று. தேர்வு அறை ஒதுக்கும்போது தரைத்தளத்தில், கழிப்பறைக்கு அருகில் கொடுத்தார். மாற்றுக் கண்காணிப்பாளரிடமும் அவரே சொல்லி வைத்தார். காரணம் கேட்டவர்களிடம் ‘மெடிக்கல்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். எல்லாத் தலைமையும் இப்படி இருக்காது என்பதும் தெரியும்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. திரிக எலும்பின் மூன்றாவது துவாரம் வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, நரம்பின் பக்கத்திலேயே நிரந்தரமாகத் தூண்டல் கொடுப்பது. சான் ஃபிரான்சிஸ்கோவில் எமில் தனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் இருவரும் வளர்த்தெடுத்த முறை. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெட்ரானிக் நிறுவனத்தின் இன்டர்ஸ்டிம்தான் பழையது. சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஆக்சோனிக்ஸ் 2019-இல் அங்கே அனுமதி பெற்றது. அங்கேயும் கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்குக் கால் கட்டை விரல் மடங்குவதைத்தான் பார்க்கிறார்கள் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நேராகப் பேட்டரியைப் புதைத்துவிட மாட்டார்கள். முதலில் கம்பியை மட்டும் வைத்து, வெளியே ஒரு கருவியோடு இணைத்து, ஒன்றிரண்டு வாரம் சோதனை. குறிப்பில் பாதிக்கு மேல் குறைந்தால்தான் இடுப்புக்குக் கீழே பின்புறத் தோலுக்குள் பேட்டரியைப் பொருத்துவார்கள். கணுக்கால் முறையைவிடப் பலம் அதிகம், வாரா வாரம் அலைய வேண்டாம். ஆனால் அறுவை சிகிச்சை, பல லட்சம் செலவு, கம்பி நகர்ந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ மறுபடி ஆபரேஷன் மேஜை. பழைய மாடல்களில் தலைக்கு மட்டும்தான் எம்ஆர்ஐ எடுக்கலாம். புதியவற்றில் உடல் முழுக்கவும் சில நிபந்தனைகளோடு எடுக்கலாம். கணுக்காலுக்குள்ளேயே நாணய அளவில் புதைக்கும் கருவிக்கு 2022-இலும், பேட்டரி இல்லாமல் காலில் கட்டிக்கொள்கிற பட்டையால் இயங்கும் இன்னொன்றுக்கு 2023-இலும் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் அந்த முதுகு வழியைப் பற்றி என்னிடம் ஏற்கனவே பேசிவிட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியில் ஓடுகிற வரை ஓடட்டும். அது போதாமல் போனால் பள்ளிக்கூடம் விட்ட மே மாதத்தில் சோதனைக் கம்பியை வைத்துப் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இடுப்பு வலி வேறு புதிதாகத் தொடங்கியிருப்பதால், முதுகுக்கு எம்ஆர்ஐ ஏதும் தேவைப்படுமா என்று எலும்பு டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.